உடனே ஒரு அப்பா வேண்டும்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

வரக்காப்பொல பஸ் நிலையத்துக்கு எதிரே, முக்தாரின் கொமினிகேஷன் கடையில் டெலிபோன் அலறியது.

முக்தார் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தான். ரிசீவரை எடுத்தான்.

"ஹலோ..."

மறுமுனையில் ஒரு குரல். மெதுவாக... ரகசியமாக...

"பொணம் ஒண்டு ஈக்கிது. வேணுமா?"

முக்தார் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்துக் கூண்டில் ஒரு பெண் துபாய்க்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள."

"வயசு?"

"அறுவதுக்கு மேல ஈக்கும். நீங்க கேட்ட சைஸ்தான்."

"எப்பிடி மவுத்து? கொலையா...?"

"இருமல்."

முக்தாருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"சொந்தக்காரங்க?"

"ஒத்தருமில்ல. அதுதானே கோல் எடுத்தது!"

முக்தார் ரிசீவரை வைத்தான். வாசலுக்கு ஓடினான். அடுத்த கடையைப் பார்த்துக் கத்தினான்.

"யோகா...! அந்த டயரக் கீழ போடு! ஒன்ட வாப்பா கெடச்சிட்டாரு...!"

* * *

யோகராஜுக்கு அப்பா இல்லை.

அம்மாவும் இல்லை. சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா... ஒருவரும் இல்லை.

இதே பஸ் நிலையத்தில், மூன்று வயதில், பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவில் அழுதுகொண்டு நின்றவன் அவன். முக்தாரின் உம்மா ஹபீலாதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். பெயரைக் கேட்டதற்கு "யோகராஜ்" என்றானாம். அப்பா பெயரைக் கேட்டதற்கு "அப்பா" என்றானாம்!

பொலிசில் சொல்லிப் பார்த்தார்கள். யாரும் தேடி வரவில்லை.

இடுப்பில் கறுப்புக் கயிறு. நெற்றியில் திருநீறு. "அடுத்தவங்கட புள்ள. அவங்கட சாமியோடயே வளரட்டும்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமையானால் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விட்டவளும் ஹபீலாதான்.

முக்தாரும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். யோகராஜ் பெரியவனானான். டயர் ஒட்டும் கடை போட்டான். டயர் ஒட்டுவதற்கு அப்பா எதற்கு?

தேவைப்படவே இல்லை.

கார்மெண்ட் பஸ்ஸின் முன்டயர் வெடிக்கும்வரை!

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவர்களில் ஷாமிளா ஒருத்தி. "சீக்கிரம் ஒட்டுங்க. சம்பளத்துல வெட்டுவாங்க" என்றாள். யோகராஜ் அன்றைக்கு ஒட்டியதுபோல் மெதுவாக ஒரு டயரை அதற்கு முன்னும் ஒட்டியதில்லை, பின்னும் ஒட்டியதில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

நடக்காதது என்னவென்றால், பெண் கேட்டுப் போன இடத்தில் நடந்தது.

ஷாமிளாவின் அப்பா செல்லையா. ரப்பர் தோட்டத்துக் கங்காணி. அவருடைய மீசை அந்த மலைச்சரிவு முழுக்கப் பிரசித்தம். ஒரு முடுக்கில் அவர் திரும்புவதற்கு முன்னால் மீசை திரும்பிவிடும்!

"தம்பி பேரு?"

"யோகராஜுங்க."

"அப்பா பேரு?"

"தெரியாதுங்க."

"சரி, தாத்தா பேரு?"

"அப்பா பேரே தெரியலங்கிறாரு. தாத்தா பேரைக் கேக்குறீங்களே!" உள்ளேயிருந்து மூக்காயி சொன்னாள். கங்காணியின் சம்சாரம்.

"நீ சும்மா இரு. தம்பி, குலதெய்வம் எது?"

யோகராஜ் கூரையைப் பார்த்தான்.

"எந்தக் கங்காணி கூட்டிட்டு வந்த ஆளுங்க நீங்க?"

"பஸ்ல வந்த ஆளுங்க."

கதவுக்குப் பின்னால் ஷாமிளா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

செல்லையா எழுந்தார். மீசையும் எழுந்தது.

"இங்க பாருங்க தம்பி. நீங்க கெட்டவருன்னு நான் சொல்லல. நல்லவருன்னும் சொல்லல. யாருன்னே தெரியலையே! நாளைக்கி நீங்க என் பொண்ணுக்கு அண்ணன் மொறையா இருந்தா? சித்தப்பன் மொறையா இருந்தா? மொறை தெரியாம நான் எப்பிடி முடிச்சுப் போடுறது? போங்க. போயி ஒரு அப்பாவைக் கொண்டு வாங்க!"

"எங்கிருந்துங்க?"

"அது ஒங்க பாடு. பௌர்ணமிப் போயாவுக்கு குருவிட்டையில இருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்கு முன்னால கொண்டு வாங்க. உசிரோடயோ... இல்லாமலோ!"

* * *

துப்பறிய முக்தார் முன்வந்தான்.

இரண்டு பேரும் த்ரீவீலை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றினார்கள். "இருபத்தஞ்சு வருசத்துக்கு முந்தி ஒங்கட தோட்டத்துல புள்ள ஒண்டு காணாமப் போச்சா?"

ஒரு தோட்டத்தில் விளக்குமாற்றோடு துரத்தினார்கள். குருவிட்டைப் பக்கம் ஒரு பெரியவர் நிதானமாக யோசித்துவிட்டு, "காணாமப் போகலைங்க. ஆனா வேண்டாதது ஒண்ணு இருக்கு. கொண்டு போறீங்களா?" என்று உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகனைக் காட்டினார்.

கடைசியில் முக்தார் ஒரு முடிவுக்கு வந்தான்.

"மச்சான், வாப்பாவக் கண்டுபுடிக்க ஏலாது. உண்டாக்கத்தான் ஏலும்!"

அரநாயக்கப் பக்கம் கொழுந்து லொறி ஓட்டும் தன் மச்சினன் சாலியிடம் சொல்லிவைத்தான். ஆளில்லாத பிணம் ஒன்று கிடைத்தால் உடனே கோல் எடுக்கும்படி!

இதோ, எடுத்துவிட்டான்.

த்ரீவீல் அரநாயக்க மலையில் முனகிக்கொண்டு ஏறியது.

"பேரு செல்லு."

"யோகராஜ்."

"டேய், வாப்பாட பேர!"

"சடை... சடையப்பன்."

"சடையாண்டி! மையத்துக்கு முன்னால போயி மாத்திச் செல்லிடாத. பெக்டரி காவல்காரரு. எங்கிருந்தோ வந்தவரு. ஒத்தரோடயும் கதைக்க மாட்டாராம்."

யோகராஜ் தலையில் கைவைத்தான்.

"பாவம் இல்லையா முக்தாரு? செத்துப்போன மனுசனை ஏமாத்துறது..."

"அவருக்குக் கொள்ளிக்கொடம் தூக்க மகன் இல்ல. ஒனக்கு வாப்பா இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கெடைக்கிது. இதுல ஆருக்கு நட்டம்?"

யோகராஜ், "சடையாண்டி... சடையாண்டி..." என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினான்.

* * *

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் வாசலில் கூட்டம். தப்பு அடிக்கும் சத்தம். நடுவில் பெஞ்சின் மேல் சடையாண்டி படுத்திருந்தார்.

தலைவர் அந்தனி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தில் எந்தக் காரியமானாலும் முன்னால் நிற்பவர்.

"நான் வேதக்காரன். கொள்ளிக்கொடம் தூக்க எனக்கு என்னா தெரியும்? யாராச்சும் வாங்களேன்!"

ஒருவரும் முன்வரவில்லை. அந்நிய மனிதனுக்குக் கொள்ளிக்குடம் தூக்கிவிட்டு, மொட்டையும் போட்டு, காரியமும் செய்ய யாருக்கு மனம் வரும்?

அப்போது...

"அப்பா...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு யோகராஜ் ஓடினான். பெஞ்சின் காலடியில் விழுந்தான்.

நடிக்கத்தான் வாயைத் திறந்தான். ஆனால் ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை அவன் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அழுகை நிஜமாகவே வந்துவிட்டது! நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

தப்புச் சத்தம் நின்றது.

சின்னம்மா முன்னால் வந்தாள். அந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவளுடையது. சாவு வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"யாருடா நீ?"

"மகன்."

"இத்தனை வருசமா எங்கடா இருந்த?"

"தேடிக்கிட்டு இருந்தேன் ஆத்தா..."

அது பொய்யும் இல்லை.

சின்னம்மா அவன் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். இப்படித் திருப்பினாள். அப்படித் திருப்பினாள். யோகராஜின் நெஞ்சு டயர் வெடிப்பதுபோல் அடித்துக்கொண்டது.

"மூக்கைப் பாருங்கடி! அவரு மூக்கு!"

"ஆமா! அந்தக் காதும்..."

"நடையுந்தான்! சடையாண்டி அண்ணன் மாதிரியே ஒரு காலைச் சாய்ச்சு வந்தான் பாத்தியா?"

ஓடி வந்ததில் யோகராஜின் ஒரு செருப்பு அறுந்திருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

சின்னம்மா சடையாண்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "மகன் வந்து நிக்கையில மலையேறிப் போனீரே..." என்று இழுத்தாள். அதோடு வழக்கு முடிந்தது.

பஜாரிலிருந்து சலூன்காரர் சிறிபால வந்தார். யோகராஜின் தலைமுடி கீழே விழுந்தது.

மொட்டைத் தலையோடு அவன் முக்தாரைப் பார்த்தான். முக்தார் கட்டைவிரலை உயர்த்தினான்.

"கங்காணிக்கும் கோல் எடுத்துச் செல்லிட்டேன் மச்சான்."

"என்னான்னு?"

"யோகராஜ்ட வாப்பா கெடச்சிட்டாரு, ஆனா கதைக்க ஏலாதுண்டு!"

* * *

மத்தியானம் வான் ஒன்று வந்து நின்றது.

முதலில் மீசை இறங்கியது. பிறகு செல்லையா இறங்கினார். பின்னால் மூக்காயி. அவளுக்குப் பின்னால் ஷாமிளா. யோகராஜின் மொட்டையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடு என்பது ஞாபகம் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகராஜ் எழுந்து நின்றான். கம்பீரமாக!

"மாமா... எங்கப்பா. பேரு சடையாண்டி."

செல்லையா பிணத்தைப் பார்த்தார். யோகராஜைப் பார்த்தார். மறுபடி பிணத்தைப் பார்த்தார்.

கேட்டதைக் கொண்டுவந்துவிட்டான் பயல்! இத்தனை பேர் சாட்சியாக! இனி எதைச் சொல்லி மறுப்பது? குருவிட்டைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

அவர் விரல் மீசையின் நுனியை முறுக்கியது. மூளையும் கூடவே முறுக்கியது.

முறுக்கி... முறுக்கி...

"அண்ணே...!!!"

செல்லையா பிணத்தின் மேல் விழுந்தார்!

கூட்டம் அதிர்ந்தது. யோகராஜ் அதைவிட அதிர்ந்தான்.

"எங்கப்பாவோட மூத்த தாரத்து மகனே! கோவிச்சுக்கிட்டுப் போன எங்கண்ணே! சடையாண்டின்னு எங்க பாட்டன் பேரை வச்சிருந்தாங்களே... ஒன்னைய இப்பிடியா நான் பாக்கணும்...!"

"மாமா... என்னா சொல்றீங்க?" யோகராஜ் ஒரு அடி பின்வாங்கினான்.

"மாமாவா? யாருடா மாமா! நான் ஒன் சித்தப்பன்டா!" செல்லையா அவனை இழுத்துக் கட்டிப்பிடித்தார். எலும்பு நொறுங்கியது. "அண்ணன் மகனே! என் ரத்தமே! ஷாமிளா, ஏன் நிக்கிற? வா! அண்ணன் கால்ல விழு!"

"அண்ணனா...?" ஷாமிளா அலறினாள்.

கட்டிப்பிடித்த நிலையிலேயே செல்லையா அவன் காதில் கிசுகிசுத்தார்.

"அப்பாவைக் கேட்டேன், கொண்டாந்துட்ட. கெட்டிக்காரன்தான்! சித்தப்பனை நான் சும்மாவே குடுத்துட்டேன். போயாவுக்குத் தங்கச்சிக்கி நிச்சயதார்த்தம். அண்ணனா முன்னால நின்னு நடத்திக் குடு, என்னா?"

யோகராஜுக்குப் புரிந்துவிட்டது.

பொய்! ஒன்றுக்குப் பதில் இன்னொன்று!

ஆனால் அவன் எப்படி வாயைத் திறப்பான்? "அவர் உங்கள் அண்ணன் இல்லை" என்று சொல்ல வேண்டுமானால், "அவர் எனக்கு அப்பா இல்லை" என்று முதலில் சொல்ல வேண்டுமே!

முக்தார் மெல்லச் சின்னம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"ஆச்சி... மகனுக்கு மொட்டை. தம்பிக்காரருக்கு ஒண்டுமில்லையா?"

"ஏன் இல்ல?" சின்னம்மா நிமிர்ந்தாள். "பங்காளிக்கி மீசை எடுக்கணும். ஏய் சிறிபால! இங்க வா! இவரு தம்பிக்காரரு!"

செல்லையாவின் கை சட்டென்று மீசைக்குப் போனது.

முக்தார் யோகராஜைப் பார்த்துக் கண்ணடித்தான். சிக்கினார் கங்காணி! கழுத்தைக் கொடுத்தாலும் கொடுப்பார், மீசையைக் கொடுப்பாரா? இந்த நிமிடமே, "எனக்கு ஆள் மாறிப்போச்சு" என்று எழுந்து ஓடப்போகிறார்!

சிறிபால கத்தியோடு வந்தார். அந்த மீசையைக் கிட்டத்தில் பார்த்ததும் அவருக்கே மனம் வரவில்லை.

"அனே மாத்தயா... மேகத் கபனவத?" இதையுமா ஐயா வெட்டுவது என்று சிங்களத்தில் கேட்டார்.

செல்லையா கண்களை மூடினார். உதடு துடித்தது. உதட்டின் மேலிருந்ததும் துடித்தது.

ஒரு பக்கம் மீசை... ஒரு பக்கம் மகள்...

"எடு!"

"மாத்தயா...?"

"எடுடான்னா!"

சரக்... சரக்... சரக்...!

முப்பது வருட மீசை ஓலைப்பாயில் விழுந்தது. செல்லையாவின் மேலுதடு வெளிச்சத்தைப் பார்த்துக் கூசியது.

தலைவர் அந்தனி சிலுவை போட்டுக்கொண்டார்.

"சொந்த அண்ணனா இல்லாட்டி எவன் இப்பிடி எடுப்பான்?" என்றாள் சின்னம்மா.

முக்தாரின் கட்டைவிரல் தானாகவே கீழே இறங்கியது.

* * *

"நான் உண்மையைச் சொல்லப்போறேன்."

லயத்துக் கோடியில், தண்ணீர்ப் பீப்பாவின் மறைவில், யோகராஜ் முக்தாரின் சட்டையைப் பிடித்தான்.

"செல்லு. நல்லாச் செல்லு. வாப்பா இல்லாதவன், அதோட மையத்துக்கிட்டயும் பொய் சொன்னவன்! ஒடனே பொண்ணக் குடுத்துருவாரு பாரு."

"அப்ப என்னா செய்றது?"

"அந்தா தப்பு அடிக்கிறவன்ட கையைப் பாத்தியா? நீ உண்மையச் செல்லுற நேரம் அவன் ஒன்ட முதுகுல அடிப்பான். எனக்கு எதுக்கும் த்ரீவீல ஸ்டார்ட் பண்ணி வெக்க டைம் குடு."

குடத்தோடு ஷாமிளா வந்தாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. கண் சிவந்திருந்தது.

"ஏங்க, அப்பாவைத் தேடிட்டு வாங்கன்னா, எங்கப்பனோட அண்ணனையா தேடிட்டு வருவீங்க? ஊருல வேற பொணமே இல்லையா?"

"ஷாமி, அவரு ஒங்க பெரியப்பா இல்ல..."

"அது எனக்குத் தெரியாதா? எங்க தாத்தாவுக்கு மூத்த தாரம் இளைய தாரம் எதுவும் கெடையாது. ஒரே பாட்டி! ஆனா நான் சொன்னா யாரு நம்புவா? மீசையே போயிருச்சே!"

அவள் குடத்தை டங்கென்று வைத்தாள்.

"குருவிட்டைக்காரனைக் கட்டிக்கிட்டு நான் போறேன். நீங்க அண்ணன் சீர் கொண்டு வாங்க!"

யோகராஜ் பீப்பாவின் மேல் சாய்ந்தான். அப்பா கிடைத்த அன்றைக்கே எல்லாம் போய்விட்டது! பேசாமல் பஸ்ஸில் வந்த ஆளாகவே இருந்திருக்கலாம்.

வாசலில் தப்புச் சத்தம் வேகமெடுத்தது. தூக்கப்போகிறார்கள்!

இதையெல்லாம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூக்காயி.

வந்து இறங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை அவள். புருஷனின் மழித்த முகத்தைப் பார்த்தாள். குடத்தோடு நின்ற மகளைப் பார்த்தாள். யோகராஜின் மொட்டையைப் பார்த்தாள்.

வெற்றிலையைத் துப்பினாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். மெல்ல நடந்துபோய்ப் பிணத்தின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

அடுத்த விநாடி...

"ஐயோ...!!! எங்கண்ணே...!"

மலையில் அடித்து எதிரொலித்தது அந்த அலறல். தப்பு அடித்தவனின் கையிலிருந்து குச்சி விழுந்தது.

"நம்ம ஆளுங்களை இந்தியாவுக்கு ஏத்தி அனுப்புனப்ப ரயில்ல இருந்து குதிச்சு ஓடுன எங்கண்ணே! அப்பா ஆத்தாளை அங்க அனுப்பிட்டு, எனக்காக இங்கயே நின்ன எங்கண்ணே! நீ இங்கயா கெடந்த...! பக்கத்து மலையிலயா கெடந்த...!"

செல்லையா வாயைப் பிளந்தார். ரயிலிலிருந்து குதித்த அந்த அண்ணனின் கதையை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஏய் மூக்காயி! அவன் எனக்கு அண்ணன்!"

"எனக்கும் அண்ணன்தான்!"

"என் கூடப்பொறந்தவன்டி!"

"என் கூடயும்தான் பொறந்தாரு!"

கூட்டம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

தலைவர் அந்தனி விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். ஒரு தடவை மடக்கினார். சந்தேகம் வந்து மறுபடி மடக்கினார்.

"கங்காணி... ஒரு சின்ன விசயம். இவரு ஒங்களுக்கும் கூடப்பொறந்த அண்ணன். ஒங்க சம்சாரத்துக்கும் கூடப்பொறந்த அண்ணன்."

"ஆமா..."

"அப்பன்னா... நீங்களும் ஒங்க சம்சாரமும்...?"

கூட்டத்தில் ஒரு பெண் "ஆத்தாடி!" என்றாள்.

"அப்ப நான் யாரு?" என்றாள் ஷாமிளா.

சின்னம்மா எழுந்தாள். நிதானமாகப் போய், சுவரில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தாள்.

"கூடப்பொறந்தவளைக் கட்டிக்கிட்டா எங்க தோட்டத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்த...?"

"இல்ல ஆத்தா! இல்ல! இல்ல!" செல்லையா பின்வாங்கினார். வேட்டி காலில் தடுக்கியது. "இவரு எங்கண்ணன் இல்ல!"

"இப்பத்தானடா மீசையை எடுத்த?"

"அது... ஆள் மாறிப்போச்சு! எங்கண்ணன் காதுல கடுக்கன் போட்ட ஓட்டை இருக்கும்! இவரு காதைப் பாருங்க, ஓட்டையே இல்ல!"

"எடுக்கிறதுக்கு முன்னால காதைப் பாத்திருக்கக் கூடாதா மாத்தயா?" என்றார் சிறிபால, வருத்தத்தோடு. அவருக்கும் தமிழ் நன்றாகவே தெரியும்.

மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இவரு ஒங்களுக்கு அண்ணன் இல்ல?"

"இல்லவே இல்ல!"

"எனக்கு மட்டுந்தான் அண்ணன்?"

"ஒனக்கு மட்டுந்தான்!"

"சத்தியமா?"

"மாரியம்மா மேல சத்தியமா! இவரு ஒங்கண்ணன்தான்! ரயில்ல இருந்து குதிச்சவருதான்! விளக்குமாத்தைக் கீழ போடச் சொல்லு!"

"எல்லாரும் கேட்டுக்கங்க!" மூக்காயி திரும்பினாள். கொண்டையை முடிந்துகொண்டாள். குரலில் அழுகை சுத்தமாக இல்லை. "எங்கண்ணன் மகன் எனக்கு மருமகன். என் பொண்ணுக்கு மாமன் மகன். மொறை மாப்பிள்ளை மொட்டையோட நிக்கயில, குருவிட்டைக்காரனுக்குப் பொண்ணைக் குடுத்தா எங்கண்ணன் ஆவி சும்மா விடுமா?"

"விடாது!" என்றாள் சின்னம்மா.

"விடவே விடாது!" என்றான் முக்தார், எல்லோரையும்விடச் சத்தமாக.

செல்லையா பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். 'பேசுங்க, பேசிப் பாருங்க' என்றது அந்தப் பார்வை. அவர் கை பழக்கத்தில் மீசையைத் தேடிப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது.

"மாப்பிள்ளை..." என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "கொடத்தைத் தூக்குங்க. நேரமாவுது."

* * *

சடையாண்டி ராஜாபோல் போனார்.

மகன் கொள்ளிக்குடம் தூக்கினான். தங்கச்சி மார்பில் அடித்துக்கொண்டு லயத்துக் கோடிவரை வந்தாள். மச்சான் முன்னால் நின்று தோள் கொடுத்தார், மிகவும் கடுப்போடு. சின்னம்மா பாட்டுக்கு மேல் பாட்டாக எடுத்துவிட்டாள். இப்படி ஒரு சாவை அந்தத் தோட்டம் பார்த்ததில்லை என்று தலைவர் அந்தனி எல்லோரிடமும் சொன்னார்.

குழி மூடியாயிற்று. ஆண்கள் ஓடையில் குளித்துவிட்டு மேலே ஏறினார்கள். யோகராஜ் மட்டும் ஈரத் துணியோடு பாதி வழியில் நின்றான். கீழே புதைகுழியின் செம்மண் மேடு ஈரமாகத் தெரிந்தது.

பின்னால் காலடிச் சத்தம். மூக்காயி!

"என்னா மருமகனே, ஏறலையா?"

இவ்வளவு செய்தவளிடம் எப்படிப் பொய்யோடு நிற்பது? சொல்லிவிட வேண்டியதுதான்!

"அத்தே... ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு எங்கப்பா இல்ல."

"தெரியும்."

"தெரியுமா? எப்பிடி...?"

"எனக்கு அண்ணனே கெடையாது. அவருக்கு மகன் எங்க இருந்து வருவான்?"

யோகராஜ் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப... ரயில்ல இருந்து குதிச்சவரு...?"

மூக்காயி முந்தானையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். காம்பைக் கிள்ளினாள்.

"நானும் ஒன்னைய மாதிரிதான்யா. தோட்டத்துப் புள்ளைங்களைப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போன புள்ள. யாரு பெத்தா, எங்க போனாங்க, ஒண்ணும் தெரியாது. பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க மாமனோட அப்பன் உக்காந்துகிட்டுக் கேட்டான். பொறந்த வீடு எது, அண்ணன் தம்பி யாருன்னு. அவன் மீசை இவரு மீசையைவிடப் பெருசு! எனக்குப் பயமாப் போச்சு. எல்லாரும் இந்தியாவுக்குப் போயிட்டாங்க, ஒரு அண்ணன் மட்டும் ரயில்ல இருந்து குதிச்சுட்டாருன்னு வாயில வந்ததைச் சொன்னேன்."

"இத்தனை வருசமாவா...?"

"ஒவ்வொரு தீவாளிக்கும் இல்லாத அண்ணனை நெனைச்சு அழுது அழுது எனக்கே அலுத்துப்போச்சு. எங்க கொண்டுபோயி அந்தாளை முடிக்கிறதுன்னு தெரியாமக் கெடந்தேன். இன்னிக்கித்தான் நல்லபடியா அடக்கம் பண்ணுனேன்."

அவள் வெற்றிலையை வாயில் போட்டாள்.

யோகராஜ் அந்தச் செம்மண் மேட்டைப் பார்த்தான்.

"அப்ப நான் சொன்னது பொய்... மாமா சொன்னது பொய்... நீங்க சொன்னதும் பொய்! இன்னிக்கி இங்க உண்மை பேசுன ஒரு ஆளுகூடவா இல்ல?"

மூக்காயி மேட்டை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்பிடிச் சொல்லாத மருமகனே! காலையில இருந்து இவ்வளவு நடந்துருக்கு... எங்கண்ணன் வாயில இருந்து ஒரு பொய் வந்துச்சா?"